மெதுவாக ஆறிய தகடுகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் மேலாளர் அந்தக் காகிதத்தைத் தானே எடுத்து வராமல் பியூனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றின் எக்ஸ்ரே முடிவு. “உடைந்த தகட்டின் உள்ளமைப்பில் மாற்றம் எதுவும் தென்படவில்லை” என்று ஒரே வரி. அதற்குக் கீழே, எக்ஸ்ரே பிரிவின் தலைவி என்ற முறையில் நான் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்கள்.

அந்த வரியைச் சாதாரணத் தமிழில் சொன்னால் இதுதான். தகட்டில் குறையில்லை, குறை ஓட்டியவரிடம். ஓட்டியவர் என் தங்கையின் கணவர். அவர் செத்துப்போய்விட்டார். செத்தவர் தலையில் எதைக் கட்டினாலும் மறுத்துப் பேச ஆளில்லை.

எங்கள் ஆலையில் விமானங்களுக்குள் பொருத்தும் சிறிய ஜெனரேட்டர்களைச் செய்கிறோம். உள்ளங்கையில் அடங்கும் ரோட்டர் ஒன்று நடுவில் தலைதெறிக்கச் சுழலும். அதைச் சுற்றி ஸ்டேட்டர் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் ஒரே உலோகத் தகடுகளை அடுக்கித்தான் செய்கிறோம். பாதி இரும்பு, பாதி கோபால்ட், துளி வனேடியம். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு ரோட்டரையும் தரைக்குள் இறக்கிய இரும்புக் குழியில் வைத்து, வழக்கத்தைவிடக் கூடுதல் வேகத்தில் சுற்றிப் பார்ப்பார்கள். அந்தக் குழிக்குப் பொறுப்பாளர்தான் அவர். அன்று மத்தியானம் ஒரு ரோட்டர் குழிக்குள் வெடித்து, மூடி பிய்த்துக்கொண்டு போனது. ஒரு துண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது. வேகத்தைப் பதிவு செய்யும் பெட்டியும் சேர்ந்து நொறுங்கியதால், எவ்வளவு வேகத்தில் ஓட்டினார் என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

அவருக்கு ஆலையில் “எக்ஸ்பிரஸ்” என்று பெயர். கேன்டீனில் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகும் அவர் முதல் வாயையே மென்றுகொண்டிருப்பார். சைக்கிளில் போனால் நடந்து போகிறவர்கள் முந்திக்கொண்டு போவார்கள். ஒரு திருகைத் திருகிவிட்டு, சரியாகத் திருகினோமா என்று கழற்றிப் பார்க்கிற மனிதர். அந்தக் கிண்டலில் ஒட்டிய பெயர் அது. விசாரணையில் மேலாளர், “வேகப் பிரியர்னு ஊழியர்களே பேர் வச்சிருக்காங்க” என்று சொல்லியிருக்கிறார். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன்.

“உக்காருங்க மேடம்.”

“நிக்கிறேன். என் பிரிவுல மெஷின் இருக்கு. துண்டை ஏன் வெளிய அனுப்பினீங்க?”

“உங்க தங்கச்சி வீட்டு விஷயம். நீங்க பார்த்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க.”

“பார்க்கிறதுக்கு மட்டும் சொந்தக்காரி, கையெழுத்துக்கு அன்னியமா?”

அவர் பேனாவை மூடினார், திறந்தார். “மேடம், எனக்கும் வருத்தம்தான். ஆனா யாரோ ஒருத்தர் தப்பு பண்ணாமலா வெடிக்கும்? விசாரிக்கிற தொழிற்சாலை ஆய்வாளர் இந்த வாரமே முடிக்கச் சொல்றார். கையெழுத்துப் போட்டீங்கன்னா எல்லாரும் அடுத்த வேலையைப் பார்க்கலாம்.”

“துண்டைக் குடுங்க. நானும் ஒரு தடவை பார்த்துட்டுப் போடறேன்.”

மறுத்தால் நான் கத்துவேன் என்று அவருக்குத் தெரியும். கொடுத்துவிட்டார்.

துண்டு விரல் நீளம்தான் இருந்தது. பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நல்ல தகடு முறிந்தால் முறிந்த இடம் இழுபட்டு, மங்கலாக, கொஞ்சம் வளைந்திருக்கும். இது வளையவே இல்லை. உடைத்த கற்கண்டைப் போல ஓரம் முழுவதும் மினுங்கியது. ஆனால் கண்ணால் பார்த்ததை ஆய்வாளர் ஏற்க மாட்டார்; அதிர்ச்சியில் உடைந்தாலும் அப்படித்தான் மினுங்கும் என்று மேலாளர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

ஆலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தத் தகட்டைப் பற்றி நான் சொல்வது இதுதான். நல்ல சூட்டில் இரும்பு அணுவும் கோபால்ட் அணுவும் கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். சட்டென்று குளிரவைத்தால் அப்படியே உறைந்துவிடும். அந்தத் தகடு வளையும், இழுபடும், அடி தாங்கும். மெதுவாக ஆறவிட்டாலோ, அவை நிதானமாக இடம் மாறி, இரும்பு, கோபால்ட், இரும்பு, கோபால்ட் என்று ஒன்றுவிட்டு ஒன்றாக உட்கார்ந்துவிடும். அப்போது காந்தம் அதில் வெகு சுலபமாகப் பாயும். ஆனால் தகடு பிஸ்கட்டைப் போல முறியும். வனேடியம் அந்த இடமாற்றத்தைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. அதனால் அசையாத ஸ்டேட்டர் தகட்டை மெதுவாக ஆறவிடலாம். சுழலும் ரோட்டர் தகட்டை ஒருபோதும் அப்படி ஆறவிடக் கூடாது.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சாதாரண எக்ஸ்ரே கருவியில் கதிரை உண்டாக்குவது செம்புக் குழாய். அதன் கதிருக்கு இரும்பும் கோபால்ட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே சட்டையைப் போட்டு உட்காரவைத்துவிட்டு, தெருமுனையிலிருந்து பார்த்து, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லச் சொன்னால் எப்படி? வெளியூர் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தென்படவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

என் பிரிவில் அலமாரிக்குள் ஒரு கோபால்ட் குழாய் உண்டு. அதன் கதிரில் இரும்பு தனியாகவும் கோபால்ட் தனியாகவும் தெரியும், மங்கலாகத்தான். அதை மாட்டி, நேராக்கி, ஒவ்வொரு கோணத்திலும் கருவியை நிற்கவைத்து ஆமை வேகத்தில் நகர்த்த வேண்டும். ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும். பொறுமை இல்லாத எனக்கு இப்படி ஒரு தொழில் எப்படி வாய்த்தது என்று தெரியவில்லை. அடுத்த நாள் காலை வந்ததும் மாட்டுவதென்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

தங்கை இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுடைய வீட்டுக்குள் தனியாகப் போகவே மாட்டேன் என்றுவிட்டாள். எங்கள் முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். ஒரே பேச்சுதான்.

விபத்து நடந்த அன்றைக்கு அவளுக்குக் கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தது. மத்தியானம் கணவருக்குப் போன் செய்து, “இன்னிக்காவது ஊர்ந்துக்கிட்டு வராம, வேலையைச் சட்டுபுட்டுனு முடிச்சிட்டு வாங்க” என்று சொல்லியிருக்கிறாள். சரி என்று சொல்லிவிட்டு அவர் குழிக்குப் போயிருக்கிறார்.

“நான் அவசரப்படுத்தலைன்னா அவர் வேகமா ஓட்டியிருக்க மாட்டாருக்கா. ஜென்மத்துல வேகமாப் போகாத மனுஷன். நான்தான் வாயை வச்சேன். நான்தான் கொன்னுட்டேன்.”

“வாயை மூடுடி. போன்ல சொன்னா ரோட்டர் வெடிக்குமா?” என்று நான் கத்துவேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். கத்திவிட்டு அடுப்படிக்குப் போய் அழுவேன்.

ஆறுதல் சொல்லத் தெரிந்தவர் என் வீட்டுக்காரர். அதே ஆலையில் உலைப் பிரிவுக்குப் பொறுப்பு அவர். தகடுகளைச் சுடுவதும் ஆற்றுவதும் அவர் கையில்தான். ஷிப்ட் முடிந்து வந்ததும் முதல் காரியமாகத் தங்கைக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிடுவார். அவள் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்வாள். போனில் என்ன சொன்னாள், அவர் என்ன பதில் சொன்னார், குரல் எப்படி இருந்தது. ஒருமுறைகூட அவர் முகம் சுளித்ததில்லை. “அழாதேம்மா, அழாதேம்மா” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பொறுமையில்லாத எனக்கு இப்படியொரு மனிதர் வாய்த்தாரே என்று மனம் நிறைந்துபோகும்.

மறுநாள் காலையில் கோபால்ட் குழாயை மாட்டி, துண்டை ஏற்றினேன். பக்கத்துப் பிரிவுக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்து, “என்ன மேடம், கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?” என்றார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். திரையில் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. வெறும் அதிர்வுகள்தான். மத்தியானத்துக்கு மேல், இருக்கக் கூடாத கோணத்தில் கோடு கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. கண் மயங்குகிறதோ என்று எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது மேடு இன்னும் தெளிவாகியிருந்தது. சின்ன மேடு, கொப்புளம் அளவுதான். ஒன்றுவிட்டு ஒன்றாக அணுக்கள் வரிசை கட்டாமல் அந்த இடத்தில் மேடு வராது. பழைய நல்ல ரோட்டர் தகடு ஒன்றை எடுத்து அந்தக் கோணத்தை மட்டும் சோதித்தேன். அங்கே கோடு தட்டையாகக் கிடந்தது.

தகடு மெதுவாக ஆறியிருக்கிறது. அது எந்த வேகத்திலும் முறிந்திருக்கும். அவர் எப்போதும்போல நிதானமாகத்தான் ஓட்டியிருக்கிறார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நாற்காலியை விட்டு எழுந்து, யாருமில்லாத அறையில், “எக்ஸ்பிரஸாம் எக்ஸ்பிரஸ்!” என்று உரக்கச் சொன்னேன். ஓடிப்போய்த் தங்கையைப் பிடித்து உலுக்கி, நீ இல்லைடி, நீ இல்லவே இல்லைடி என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. கைப்பையைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. தகடு தானாக மெதுவாக ஆறாது. யாரோ ஆறவிட்டிருக்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் என் வீட்டுக்காரர் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். “இந்தத் தடவை ரோட்டர் தகட்டுல காந்த அளவு எப்படி வந்திருக்கு தெரியுமா? இதுவரைக்கும் வந்ததே இல்லையாம். மேலாளரே வந்து கைகொடுத்துட்டுப் போறார்!” என்றார். எனக்கும் பெருமைதான். காந்தம் நன்றாக இருந்தால் தகடு நன்றாக இருக்கிறது என்று எங்கள் ஆலையில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. எங்களிடம் ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் கேட்பதும் அந்த அளவைத்தான். வளைத்துப் பார் என்று யாரும் கேட்பதில்லை. அந்த அளவு அவ்வளவு உயர்ந்ததற்கு என்ன காரணம் என்று ஆலையில் ஒருவராவது யோசித்திருக்க வேண்டாமா?

கைப்பையைக் கீழே வைத்தேன். முதலில் வீட்டுக்குப் போய் அவரிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும். வீட்டுப் படியை மிதித்தால் நான் அவர் மனைவியாகிவிடுவேன். அவர் முகத்தைப் பார்த்தால் அந்தச் சின்ன மேடு எனக்கே சந்தேகமாகிவிடும். உட்கார்ந்து முடிவை எழுதினேன். உடைந்த துண்டின் கோட்டையும் நல்ல தகட்டின் கோட்டையும் சேர்த்து, அதே சுமையில், அதாவது உலைக்குள் ஒரே தடவையாக வைத்துச் சுட்ட தகடுகளில் செய்த மற்ற ரோட்டர்களை ஓட்டக் கூடாது என்று எழுதி, மேலாளருக்கு ஒன்றும் ஆய்வாளருக்கு நேராக ஒன்றும் அனுப்பினேன். கையெழுத்து என் கையெழுத்தாகவே இல்லை.

வீட்டுக்குப் போனபோது அவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். பின்பக்கக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். முன்னறையில் தங்கை துணி மடித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“ரோட்டர் தகட்டையும் ஸ்டேட்டர் தகட்டையும் ஒரே சுமையில வச்சீங்களா?”

அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் கையில் விழுந்துகொண்டே இருந்தது.

“கேட்கிறேன்ல?”

“ரெண்டாவது உலையில ஆத்துற விசிறி ரிப்பேர். சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. மேலாளர், எல்லாத்தையும் ஒண்ணா வச்சு ஆறவிடு, அனுப்பற நாள் நெருங்குதுன்னார். முதல்ல பயமாத்தான் இருந்துச்சு. காந்த அளவு அப்படி வந்ததும் பயம் போயிடுச்சு. வனேடியம்தான் போட்டிருக்கே, ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்.”

“வனேடியம் என்ன தாயத்தா?”

“நீ பார்த்துட்டியா?” என்றார்.

“கோபால்ட் குழாயில பார்த்தேன். ஆய்வாளருக்கு அனுப்பிட்டேன்.”

தலையை ஆட்டினார். கோபம் இல்லை. “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்.”

அவர் குழாயை மூடினார். இத்தனை வருடம் கூடவே வாழ்ந்த மனிதர். சட்டைக் கையை மடித்தபடி, நனைந்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, அறைய வேண்டும்போலவும் இருந்தது.

“அவகிட்ட நீங்களே சொல்லுங்க,” என்றேன்.

“நாளைக்குக் காலையில...”

“இப்பவே. இன்னொரு ராத்திரி அவ அப்படி நினைச்சுக்கிட்டுப் படுக்கக் கூடாது.”

முன்னறைக்குப் போய் வழக்கம்போலத் தங்கைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம்போலத் தானே ஆரம்பிக்கப் போனாள். அவர் கை காட்டி நிறுத்தினார். சுற்றி வளைக்காமல் சொன்னார். உலை, விசிறி, ஒரே சுமை, மெதுவாக ஆறியது, முறிந்தது. தன் மேல் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. மேலாளர் சொன்னதைக்கூடச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவர் நேர்மையாகத்தான் இருந்தார்.

தங்கை கண்ணைச் சிமிட்டாமல் கேட்டாள்.

“அப்போ அவர் வேகமா ஓட்டலையா மாமா?”

“இல்லம்மா. எப்பவும் போலத்தான் ஓட்டியிருக்கார்.”

“நான் போன் பண்ணதால இல்லையா?”

“இல்லம்மா. நீ போன் பண்ணியிருக்காட்டியும் அது உடைஞ்சிருக்கும்.”

அவள் ஓவென்று அழுதாள். சாவன்றுகூட அப்படி அழவில்லை. அவருடைய இரண்டு கைகளையும் இழுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். “நான் இல்ல... நான் இல்ல மாமா... நான் சொன்னதால இல்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தன் புருஷன் சாகக் காரணமாக இருந்த கைகளைப் பிடித்துக்கொண்டு அவள் நன்றி சொல்வதுபோல அழுதாள். அவர் பொம்மைபோல உட்கார்ந்திருந்தார். எனக்கு, தப்பித்தோம் என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. இவள் மன்னித்துவிடுவாள், வேலை போனால் போகட்டும், வழக்கு வந்தால் வரட்டும், நாங்கள் மூன்று பேரும் இப்படியே இருந்துவிடுவோம் என்று நினைத்தேன்.

அழுகை மெல்ல அடங்கியது. கையை இன்னும் விடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“உங்களுக்கு எப்போ மாமா தெரியும்?”

நான் அவரைப் பார்த்தேன். இன்னிக்குத்தான், உங்க அக்கா சொல்லித்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

“அன்னிக்கே தெரியும்மா. குழியைச் சுத்தம் பண்ணப் போனேன்ல, துண்டுகளைப் பார்த்ததுமே தெரிஞ்சுது.”

தங்கை அவர் முகத்தையே பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு அவளுக்குப் புரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

“நான் தினமும் உங்ககிட்டதானே மாமா சொல்லி அழுதேன்?”

“ஆமாம்மா.”

“நான்தான் கொன்னுட்டேன்னு சொன்னேன்ல? இங்கேயே உக்காந்து?”

“ஆமா.”

“உலையைப் பத்தி எல்லாம் நீங்க சொல்ல வேண்டாம். பயமா இருந்திருக்கும். ‘உன்னால இல்லம்மா’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா?”

தங்கை அவர் கைகளை எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள். மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அக்கா, என் பை எங்க?” என்றாள்.

நான் உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.